கணிதம் படிப்பவளுக்கு நோய்ப்பரவலியல் சரிவருமா?

வணக்கம் நண்பர்களே. நான் இளநிலைக் கணிதம், இரண்டாம் ஆண்டு. அடுத்த பருவத்தில் வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். கணினி மொழியியலா, நோய்ப்பரவலியலா என்று இரண்டு வாரமாக ஒரே குழப்பம்.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளைத் தெரு வரைபடத்தில் சிறு கோடுகளாகக் குறித்தார். கோடுகள் ஒரு அடிபம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனம் நோய்ப்பரவலியல் பக்கமே சாய்கிறது. ஆனால் உயிரியலைப் பள்ளியோடு விட்டவள் நான். நிகழ்தகவும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நன்றாக வரும், அது போதுமா?

கணிதத்திலிருந்து போய் இதைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். மனப்பாடம் அதிகமா, தரவை வைத்துச் செய்யும் வேலை அதிகமா? அப்புறம், மற்ற துறை மாணவர்களோடு குழுவாகச் செய்யும் திட்டப்பணி எப்படி இருந்தது? வெள்ளிக்கிழமைக்குள் பதிவு செய்தாக வேண்டும்.