வாழைநார்ப் பைக்கு என்ன பூசலாம்?

வணக்கம். தோலுக்குப் பதிலாக வாழைநார்த் துணியில் கைப்பை தைத்துப் பார்க்கிறேன். சென்னை அருகே அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரில் சேலையே நெய்கிறார்கள், பை என்ன பெரிய விஷயம் என்று நினைத்தது என் தப்பு. மடிப்பு வரும் இடத்தில் நார் முறிகிறது. மழைக்காலத்தில் பூஞ்சை வேறு. தேன்மெழுகு தேய்த்தேன், தண்ணீர் ஒட்டவில்லை, ஆனால் வெயிலில் பிசுபிசுக்கிறது. அன்னாசி இலை நாரில் செய்யும் பின்யாடெக்ஸ் என்ற தோல் மாற்றுத் துணியிலும் மேலே பிசின் பூச்சு உண்டு, அது முழுதாக மக்காது. அந்த வழி எனக்கு வேண்டாம்.

அரக்கு, புளியங்கொட்டைப் பசை, ஆளிவிதை எண்ணெய் இவற்றில் எதையாவது நார்த்துணியில் பூசிப் பார்த்தவர்கள் உண்டா? எத்தனை முறை பூச வேண்டும், காய எத்தனை நாள்? அப்புறம், என் துணியில் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) வாழைநார்தான். பாவை மட்டும் பருத்தியாக்கினால் மடிப்பு தாங்குமா? கோவைப் பக்கம் 5 மீட்டர் மட்டும் நெய்து தருபவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.