மணிகளை நகர்த்தியது மின்புலமா, நீரோட்டமா? வாய்மொழித் தேர்வுக்கு முன் ஓர் ஐயம்

கேள்வி:
அடுத்த மாதம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. நீரில் மிதக்கும் 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணிகளைச் சீரற்ற மாறுதிசை மின்புலத்தால் வேண்டிய இடத்திற்கு நகர்த்துவதே என் ஆய்வேட்டின் பொருள். மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் வேகம் நான்கு மடங்காகிறது என்பதைக் காட்டி, நகர்த்துவது டைஎலெக்ட்ரோபோரசிஸ் விசைதான் (சீரற்ற புலம் மணியை மின்முனைவாக்கி இழுக்கும் அல்லது தள்ளும் விசை) என்று எழுதியிருக்கிறேன். நீரே ஓடி மணிகளை இழுத்துச் சென்றிருக்கலாமே என்று புறத்தேர்வாளர் தம் அறிக்கையில் கேட்டிருக்கிறார். அளவீடுகளெல்லாம் 1 கிலோஹெர்ட்ஸில் எடுத்தவை. என்ன விடை சொல்லலாம்?

பதில் 1:
தேர்வாளரின் கேள்வி மிகவும் நியாயமானது. மின்வாய்களின் மேற்பரப்பில் திரளும் அயனிகளை அதே புலம் பக்கவாட்டில் தள்ளும்போது ஏசி எலெக்ட்ரோஆஸ்மோசிஸ் எனப்படும் ஓட்டம் எழுகிறது. அதன் வேகமும் மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்பவே உயரும் என்பதால் உங்கள் சான்று இரண்டையும் பிரித்துக்காட்டாது. நீர் சூடாவதால் எழும் மின்வெப்ப ஓட்டம் நான்காம் படியில் உயரும். அதை மட்டுமே நீங்கள் விலக்கியிருக்கிறீர்கள். மணியின் அளவை மாற்றிப் பாருங்கள். டைஎலெக்ட்ரோபோரசிஸ் விசை ஆரத்தின் முப்படிக்கும், நீரின் இழுவைத் தடை ஆரத்திற்கும் ஏற்ப மாறுவதால், வேகம் ஆரத்தின் இருபடியைப் பின்பற்ற வேண்டும். ஓட்டமோ பெரிய மணியையும் சிறிய மணியையும் ஒரே வேகத்தில் சுமந்து செல்லும்.

பதில் 2:
இதில் ஒரு திருத்தம் தேவை. 1 கிலோஹெர்ட்ஸில் மணியின் கடத்துதிறனைப் பெரும்பாலும் அதன் மேற்பரப்பே தீர்மானிக்கிறது. ஆரம் குறையக் குறைய அது கூடுவதால், கிளாசியஸ்-மொசோட்டி காரணியும் (மணியின் மின்பண்பு நீரினதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டி, விசையின் அளவையும் திசையையும் தீர்மானிக்கும் எண்) அளவோடு மாறும், தூய இருபடி விதி கிடைக்காது. 5 மெகாஹெர்ட்ஸில் அளந்தால் மைக்ரோமீட்டர் அளவிலான மணிகளுக்கெல்லாம் அக்காரணி ஏறத்தாழ −0.48தான். அயனிகள் திரள அங்கே நேரமில்லாததால் எலெக்ட்ரோஆஸ்மோசிஸும் அடங்கிவிடும். காரணி எதிர்க்குறியுடன் இருப்பதால் மணிகள் மின்வாய் விளிம்பை விட்டு விலகுவதைக் காண்பீர்கள். இருபடி விதியை அங்கே சோதியுங்கள். 1 கிலோஹெர்ட்ஸுக்கு 200 நானோமீட்டர் ஒளிரும் மணிகளைக் கலந்து பாருங்கள். அவற்றின் மீது டைஎலெக்ட்ரோபோரசிஸ் மிகச் சிறிதாக இருப்பதால் அவை நீரின் போக்கையே காட்டும். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் எழும் தாறுமாறான பிரௌனியன் அசைவு மிகுதியாக இருக்குமாதலால், பல மணிகளின் சராசரியை எடுக்க மறவாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒளிரும் மணிகள் எங்கள் ஆய்வகத்திலேயே இருக்கின்றன. இந்த வாரமே ஓட்டத்தை அளந்து, அதைக் கழித்த பின் எஞ்சும் வேகத்தையே டைஎலெக்ட்ரோபோரசிஸாகக் காட்டுவேன். ஓட்டமே பெரிதாக இருந்தால் நான்காம் அத்தியாயத்தின் முடிவைத் திருத்தி எழுதி, அதைத் தேர்வாளரிடம் நானே முதலில் சொல்லிவிடுவேன்.