மார்பக ஆபரேஷன் முடிஞ்சு 8 மாசம், திரும்ப தையல் மெஷின்ல உக்காரலாமா?

தையல்காரி: தோழிகளே, இடது பக்கம் எடுத்தாச்சு, அக்குள்ல நெறிக்கட்டியும் எடுத்துட்டாங்க, கீமோ ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சிருச்சு, முடி கூட வளந்துடுச்சு ஆனா ஒரு மணிநேரம் ப்ளவுஸ் தச்சாலே கை கனக்குது, வளையல் இறுக்குது. வீட்ல "போதும் நீ சும்மா இரு"ன்னு சொல்றாங்க. சும்மா இருந்தா தான் பைத்தியம் புடிக்குது எனக்கு.

மல்லி: அது லிம்பெடிமாவா இருக்கலாம் அக்கா, நெறிக்கட்டி எடுத்தா நீர் வடியாம கை வீங்கும். எனக்கும் வந்துச்சு. பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டி அளவெடுத்து கம்ப்ரெஷன் ஸ்லீவ் (வீக்கம் ஏறாம கைய இறுக்கிப் புடிக்கிற உறை) வாங்குங்க, கடையில கண்ணுமண்ணு தெரியாம வாங்காதீங்க. செவுத்துல விரலால ஏறுற பயிற்சி தினமும் பண்றேன், இப்ப மேல் அலமாரி டப்பா எட்டுது!! ஊசி குத்தாம பாத்துக்கோங்க, கை செவந்து சூடா இருந்து காய்ச்சலும் வந்தா அன்னைக்கே டாக்டர்ட்ட ஓடுங்க.

செவத்தபொண்ணு: அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு கைய தூக்கி நீட்டுங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கச்சிய கேன்சருக்கு குடுத்துட்டு 1954ல அடையாறுல கேன்சர் ஆஸ்பத்திரியே தொறந்தாங்க, நீங்க ப்ளவுஸ் தைக்க யார்ட்ட பர்மிஷன் கேக்கறீங்க 😄

தையல்காரி: சிரிச்சிட்டேன் மா. திங்கக்கிழமை பிசியோ அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. தீபாவளி ஆர்டர் ரெண்டு மட்டும் எடுத்துக்கறேன்.