குக்கம் கிராமத்தில் ஆற்றோரம் வீடு எடுக்கலாமா?

புதுக்குடி: வேலை இங்கிலாந்தில், மெய்டன்ஹெட் ஊரில். பக்கத்தில் குக்கம் ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு வாடகைக்கு வந்திருக்கிறது, ஐந்து நிமிடம் நடந்தால் தேம்ஸ். போன ஞாயிறு பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனைவிக்கு வேறு வீடே மனதில் ஏறவில்லை. எனக்கு வெள்ளத்தை நினைத்தால்தான் பயம். கார் கிடையாது, ஆறு வயதில் மகள் இருக்கிறாள். அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை: நான்கு வருடம் இருந்தேன். முதலில் ஒன்று, ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, குக்கம் ரைஸ் பக்கம். ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும், நடுவில் 'மூர்' என்கிற புல்வெளி. மழைக்காலத்தில் அது ஏரி மாதிரி ஆகிவிடும், அதற்காகவே ஓரமாக உயர்த்திக் கட்டிய நடைபாதை இருக்கிறது, இருபுறமும் தண்ணீர் நிற்க அதன் மேல் நடந்து ரயில் பிடித்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்றுதான், விட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

2014 பிப்ரவரி வெள்ளத்தில் நிலைமை மோசம். தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் மாறும், அதனால் ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அரசின் இணையதளத்தில் முகவரி போட்டால் வெள்ள அபாயம் தெரியும். அப்புறம், வாடகை வீடானாலும் உங்கள் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் நீங்கள்தான் எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே விலை கேட்டுவிடுங்கள்.

வாத்துக்காரி: குழந்தை இருக்கிறாள் என்றால் ஜூலையில் அன்னம் எண்ணும் சடங்கைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது வாரம் படகுகளில் வருவார்கள், மன்னரின் ஆட்கள் சிவப்புச் சட்டையில். அன்னக் குடும்பத்தைப் படகுகளால் வளைத்துப் பிடித்து, குஞ்சுகளை எடை போட்டு, உடம்பில் தூண்டில் முள் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுவார்கள். இதே ஊரில் பிறந்த ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் இதைத்தான் 1915-ல் வரையத் தொடங்கினார், நடுவில் போருக்குப் போய்விட்டு வந்து 1919-ல் முடித்தார். ஹை ஸ்ட்ரீட்டில் பழைய தேவாலயம் ஒன்று அவருடைய ஓவியங்களின் காட்சிக்கூடமாக இருக்கிறது. தூரிகையும் வண்ணமும் வைத்து அவர் தள்ளிக்கொண்டு திரிந்த குழந்தை வண்டி அங்கே இருக்கிறது, கருப்பு வண்டி, என் மகன் அதை விட்டு நகரவே இல்லை.

புதுக்குடி: இருவருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை மறுபடி போகிறோம், ஸ்டேஷனிலிருந்து மகளையும் நடக்க வைத்தே பார்க்கிறேன். வீட்டுக்காரரிடம் முதல் கேள்வி, 2014-ல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்பதுதான்.