சோலை மண்ணில் 60 செ.மீ.க்குக் கீழே டிஎன்ஏ வரவில்லை

கேள்வி (மண்கட்டி):
நீலகிரிச் சோலை ஒன்றில் 1 மீட்டர் குழி. மேலிருந்து 0–10, 10–30, 30–60, 60–100 செ.மீ. என நான்கு அடுக்காக எடுத்தேன். 0.25 கிராம் மண்ணிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் வழக்கமான கிட். 60-க்குக் கீழே சிவப்பு மண், அதில் டிஎன்ஏ அளவு பூஜ்ஜியம். அப்படியும் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல்லாயிரம் நகலாகப் பெருக்கும் முறை) ஓடிய இரண்டு கீழ்மண் மாதிரியிலும் மேல்மண் பாக்டீரியாக்களே. ஆழம் போனால் நுண்ணுயிர்க் கூட்டம் மாறாதா?

பதில் (வேர்முடிச்சு):
நன்றாகவே மாறும். கொலராடோ மலைக்காட்டில் ஒரே குழிக்குள் கண்ட வேறுபாடு, வெவ்வேறு வகை நிலங்களின் மேல்மண்களுக்கு இடையே உள்ளதற்கு ஈடாக இருந்தது. மேலிருந்து எடுத்தீர்கள் அல்லவா, சந்தேகம் அங்கேதான்: மேல்மண் கீழே உதிர்ந்து கலந்திருக்கும். குழிச்சுவரை 5 செ.மீ. சுரண்டித் தள்ளிவிட்டு, அடியிலிருந்து மேலே வாருங்கள். அடுக்குக்கு ஒரு கரண்டி. 70% எத்தனால் செல்லைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது; கரண்டிகளை 0.5% ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) 10 நிமிடம் ஊறவைத்து, டிஎன்ஏ இல்லாத நீரில் நன்றாக அலசுங்கள். ப்ளீச் மிச்சம் இருந்தால் மாதிரியின் டிஎன்ஏவையும் தின்றுவிடும். பழைய வேர்த்தடங்களையும் ஒதுக்குங்கள். அவற்றின் வழியே மேல்மண் கீழே இறங்கியிருக்கும்.

பதில் (களிமண்காரர்):
பூஜ்ஜியத்துக்குக் காரணம் அந்தச் சிவப்பு. இரும்பு ஆக்சைடு டிஎன்ஏவின் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும்; செல் உடைந்த கையோடு டிஎன்ஏ மண்ணிலேயே ஒட்டிவிடுகிறது. செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்பேட் சேர்த்தால் அந்த இடங்களை அது அடைத்துக்கொள்ளும். ஒரே குழாயில் மண்ணைக் கூட்டாதீர்கள், ஒட்டும் பரப்புதான் கூடும், செல்லை உடைக்கும் மணிகளும் சரியாக உருளாது. 0.25 கிராம் வீதம் நான்கு குழாய் ஓட்டி, கரைசலை டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் ஒரே வடிகட்டிக் குழாயில் ஏற்றுங்கள்.

பிசிஆரில் மேலடுக்கும் கீழடுக்கும் எதிரெதிர். கறுப்பு மேல்மண்ணின் ஹியூமிக் அமிலம் (மக்கிய பொருளிலிருந்து வருவது) பிசிஆர் நொதியை முடக்கும், அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யலாம். கீழ்மண்ணை அப்படிச் செய்தால் இருக்கிறதும் போய்விடும். அதற்கு பிஎஸ்ஏ என்ற புரதம் சேர்த்தால் போதும், நொதியை முடக்குபவற்றை அது பிடித்துக்கொள்ளும். மண்ணே போடாத வெற்றுக் குழாயையும் சீக்வென்சிங் (டிஎன்ஏ வரிசையைப் படிப்பது) வரை கொண்டுபோங்கள். பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா கிட்டிலிருந்தும் வரும், காட்டு மண்ணிலும் உண்டு. வெற்றுக் குழாய் இல்லாமல் எது எது என்று சொல்லவே முடியாது.

பதில் (வேர்முடிச்சு):
ஒன்று விட்டுப்போச்சு. கீழே குளோரோஃபிளெக்சி என்ற பாக்டீரியா வகை, அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் ஆர்க்கியா (பாக்டீரியா அல்லாத வேறொரு நுண்ணுயிர்க் குழு) இவற்றின் சதவீதம் ஏறும். எண்ணிக்கை ஏறியதாக எழுதிவிடாதீர்கள். மற்றவை குறைந்தாலும் சதவீதம் ஏறும். கியூபிசிஆர் (நகல்களை எண்ணும் பிசிஆர்) தரும் ஒரு கிராமுக்கான எண்ணிக்கையை மண் அடர்த்தியால் பெருக்கி, கன செ.மீ. கணக்கில் கொடுங்கள். அடுத்த குழியில் செ.மீ. கணக்கை விட்டு நிறம் மாறும் இடத்தில் பிரியுங்கள்.

மண்கட்டி:
பூஞ்சைக்கு வழக்கமான ஐடிஎஸ் பிரைமரே (ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பிசிஆரில் பிடிக்கும் துண்டு) போதுமா?

பதில் (களிமண்காரர்):
சருகைச் சிதைப்பவைக்குப் போதும். ஸ்வீடன் பைன் காட்டில் அவை மேலே, மர வேரைப் போர்த்திக் கூட்டாக வாழும் வேருறைப் பூஞ்சைகள் அதற்குக் கீழே என்று அடுக்காக இருக்கும். சோலை மரங்களில் பெரும்பாலும் வேரினுள் வாழும் ஆர்பஸ்குலர் வகைப் பூஞ்சை. அதை ஐடிஎஸ் சரியாகப் பிடிக்காது, 18எஸ் என்ற வேறு மரபணுவுக்கான பிரைமர் தனியாக ஓட்டுங்கள்.