புதுப்பிப்பு: ஐரிஷ் வாட்டர் ஸ்பானியல்தான்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் வீட்டில் வளர்க்க எந்த நாய் இனம் நல்லது, ஒட்டர்ஹவுண்டா, ஐரிஷ் வாட்டர் ஸ்பானியலா என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்பானியல் என்று முடிவாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒட்டர்ஹவுண்ட் மேல் எனக்கு இன்னும் ஆசைதான். 1978இல் இங்கிலாந்தில் நீர்நாய் வேட்டை நின்ற பிறகு வேலையில்லாமல் அருகிப்போன இனம் அது. ஆனால் ஆண் நாய் 50 கிலோ வரை வரும். மோப்பம் பிடித்துவிட்டால் கூப்பிட்டாலும் லேசில் திரும்பாது. முதலை கிடக்கிற நம்முடைய குளங்களுக்கு அது சரிவராது.

ஸ்பானியல், வேட்டையில் சுட்டு விழுத்திய வாத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துவரப் பழகிய இனம், சொல் கேட்கும். சுருள் முடியை வாராவாரம் சீவவேண்டும், நீந்தியபின் காதை உலர்த்தவேண்டும், அவ்வளவுதான். இரணைமடுக் குளத்துப் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். கிணற்றடித் தொட்டியைப் பெரிதாகக் கட்டுகிறோம், நீச்சல் அதில்தான்.