மறு: குண்டின் கூம்பிய பின்புறத்துக்கு ஒரு பெயர் – ‘ஒடுங்கடி’

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

துப்பாக்கிக் குண்டின் பின்புறம் கூம்பிச் சிறுத்திருப்பதற்குப் பேராசிரியர் ஐயா ‘படகுவால்’ என்றும், திருவான்மியூர் நண்பர் ‘நிலைப்புவால்’ என்றும் முன்மொழிந்துள்ளனர். முன்னது ‘போட் டெயில்’ என்ற ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு, புழங்கினால் பழகிவிடும். பின்னதை மட்டும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் கூம்பிய பின்புறம்தான் குண்டைக் கவிழாமல் நிலைநிறுத்துகிறது என்று பொருள்தரும் அப்பெயர் இயற்பியலையே தலைகீழாக்குகிறது.

அம்பு நேராகப் பறப்பது அதன் பின்னால் கட்டிய இறகினால்: அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகத் தாக்கும் புள்ளி) நிறை மையத்துக்கு (எடை சமன்படும் புள்ளி) பின்னே அமைவதால், அம்பு சாய்ந்தால் காற்றே அதைத் திருத்திவிடும். குண்டில் இது நேர்மாறு. முனை மெலிந்து பின்பகுதி கனத்திருப்பதால் நிறை மையம் பின்னேயும் அழுத்த மையம் முன்னேயும் நிற்கின்றன. சும்மா விட்டால் காற்று அதைக் குட்டிக்கரணம் அடிக்க வைத்துவிடும். நம் காவலர்கள் நெடுங்காலம் ஏந்திய ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிக்கு 1910இல் வந்த ஏழாம் வகைக் குண்டின் மூக்கினுள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியத்தை வைத்ததால், நிறை மையம் இன்னும் பின்னுக்குப் போயிற்று. அப்படியிருந்தும் அது நேராகப் பறந்ததற்குக் காரணம் குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய பள்ளங்களான மரைதான். அம்மரை 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வீதத்தில் அமைந்திருந்ததால், நொடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழன்றது. அச்சுழற்சிதான் அதைக் கவிழவிடாமல் காத்தது. அக்குண்டின் அடி தட்டையானது என்பதையும் நண்பர் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கூம்பிய பின்புறம் செய்வது என்ன? தட்டையான அடிக்குப் பின்னே காற்று சட்டென்று பிரிவதால், அழுத்தம் குறைந்த சுழிப்பு உண்டாகிக் குண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. அடியைச் சில பாகைச் சரிவில் ஒடுக்கினால் சுழிப்பின் பரப்புக் குறையும்; சரிவு மிகையானால் காற்று அங்கேயும் பிரிந்துவிடும், ஒடுக்கியும் பயனில்லை. ஒலியை விஞ்சும் வேகத்தில் முனை எழுப்பும் அதிர்ச்சி அலையே பெரிய தடை ஆதலால், இந்த ஆதாயம் நெடுந்தொலைவில், வேகம் தணிந்த பிறகே நன்கு புலப்படும். 1898இல் பிரெஞ்சுப் படை ஏற்ற பித்தளைக் குண்டில் கூர்முனையும் கூம்பிய அடியும் சேர்ந்தே வந்தன. நிலைப்பைப் பொறுத்தவரை இதனால் சற்று நட்டமே: அதே எடைக்குக் குண்டு நீள்கிறது, நீண்ட குண்டுக்கு நெருக்கமான மரை தேவைப்படுகிறது. இத்தொடர்பை ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879இலேயே வாய்பாடாக்கிவிட்டார்.

ஆகவே ‘ஒடுங்கடி’ என்று முன்மொழிகிறேன். அம்பத்தூர் கடைசல் பட்டறைகளில் இதை வெறுமனே ‘டேப்பர்’ என்பார்கள். ஆனால் அது எந்தச் சரிவுக்கும் பொருந்தும், எந்த இடத்தில் என்பதைச் சொல்லாது. ‘ஒடுங்கடிக் குண்டு’ என்றால் எதிரிணையாகத் ‘தட்டையடிக் குண்டு’ தானே அமைகிறது. சுழிப்பினால் வரும் தடைக்கு ‘அடி இழுவை’யும் கூடவே கிடைக்கிறது.

குழலின் உள்வரிக்குச் ‘சுருள்பள்ளம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். போல்ட்டு, நட்டு புழங்கும் எல்லார் வாயிலும் ‘மரை’ இருக்கும்போது புதிதாகத் தேடுவானேன்? ‘குழல்மரை’ என்று குறித்தால் குழப்பமும் வராது.

முனை வளைவுக்கான சொல்லைத் தனி இழையில் எடுத்துக்கொள்ளலாம்; அங்கே குண்டின் உடலோடு இழைந்து சேரும் தொடுகோட்டு வளைவையும், சற்றுக் கோணமாகச் சேரும் வெட்டுக்கோட்டு வளைவையும் பிரித்துக் காட்டும் இணைச்சொற்கள் தேவைப்படும்.